மஞ்சள் பிரிவில் பத்தொன்பது வருஷம்

மஞ்சக்கா என்று அவளை முதலில் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. மசாலாப் பொடி ஆலையின் மஞ்சள் பிரிவில் அவளுக்கு முன்னும் ஆட்கள் இருந்தார்கள், பின்னும் வந்தார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இருந்துவிட்டு மல்லிப் பிரிவுக்கோ பாக்கெட் ஒட்டும் மேசைக்கோ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிளகாய்ப் பிரிவில் தும்மித் தும்மி உயிர் போகும் என்றாலும் வீட்டுக்குப் போய்க் குளித்தால் மிளகாய் போய்விடும். மஞ்சள் போகாது. பத்தொன்பது வருஷமாக அங்கேயே நிலைத்தவள் இவள் ஒருத்திதான்.

அவள் வீட்டில் விளக்குச் சுவிட்சுகள் மஞ்சள். தலையணை உறைகள் மஞ்சள். சோப்பு வாங்கின மூன்றாம் நாளே மஞ்சள். பஞ்சர் கடை வைத்திருந்த அவள் கணவனின் சட்டைகளில் ஒரு பக்கம் கருப்புக் கிரீஸ், துவைத்த பிறகு இன்னொரு பக்கம் மஞ்சள். "என் சட்டைய பாத்தாலே ஊருக்கு நம்ம குடும்ப வரலாறு தெரிஞ்சிடும்" என்பான். அவள் வெள்ளைத் துணி வாங்குவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காமாலை வந்திருந்தது. ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது. வேறொருவருக்கு வந்திருந்தால் தெருவில் எதிரே வருகிறவர்களே நிறுத்திக் கேட்டிருப்பார்கள். இவளுக்கு வந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. உடம்பில் மஞ்சளைக் கண்டால் அவளுக்குத் தோன்றுவது ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் தேய்த்துக் குளித்திருக்கலாம்.

ஆலையில் அவள் வேலை அரவைக்கு முன்னும் பின்னும் நிறம் பார்ப்பது. வேகவைத்து உலர்த்திய மஞ்சள் மூட்டை மூட்டையாக வரும். விரல் மாதிரி நீண்டது விரலி, உருண்டையாக இருப்பது குண்டு. ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பாள். சத்தம் உலோகம் மாதிரி கேட்க வேண்டும், உடைந்த இடம் ஆரஞ்சாக மினுங்க வேண்டும். அரைத்து வந்த பொடியில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தட்டில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, நடுவிரலால் தேய்ப்பாள். உலர்ந்திருக்கும்போது ஒரு நிறம், நனைந்த பிறகு ஒரு நிறம். இரண்டையும் பார்த்துத்தான் எந்த மூட்டையை எதனோடு கலப்பது என்று சொல்வாள். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு அட்டை வரும், சாயச்சத்து நூற்றுக்கு இத்தனை என்று. அட்டை வருவதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள், "மூணு இருக்கும்" என்று. அநேகமாக மூன்றுதான் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தவள் என்பதால் தெருவே அவளிடம் வைத்தியம் கேட்டது. வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது வாசலில் நிற்பார்கள்.

"மஞ்சக்கா, கையில ஆணி கீறிடுச்சு. மஞ்சத்தூள் அப்பட்டுமா?" என்று ஒரு நாள் கொத்தனார் கேட்டார்.

"துரு ஆணியா?"

"துருதான்னு நினைக்கிறேன்."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா போய் ஊசி போட்டுக்குங்க. மஞ்சள் எங்கேயும் ஓடிடாது."

"உங்ககிட்ட வந்தா ஊசின்னு சொல்றீங்க. டாக்டர்கிட்ட போனா அவரும் ஊசிங்கறாரு. அப்புறம் எதுக்கு உங்ககிட்ட வரணும்?"

"அதான் நானும் கேக்கறேன்" என்றாள் அவள், சிரிக்காமல்.

தொண்டை கட்டினால் சூடான பாலில் கால் ஸ்பூன், கூட இரண்டு மிளகு தட்டிப் போடு, வெறும் தண்ணீரில் கலந்தால் உடம்பில் ஒட்டாது. மூக்கு அடைத்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஆவி பிடி. சுளுக்குக்குக் குழைத்துச் சூடு பண்ணிப் பற்றுப் போடு, எலும்பு முறிந்திருந்தால் மட்டும் போடாதே. மீனைக் கழுவும்போது தடவி வை. பருப்பு டப்பாவில் வண்டு வராமல் இருக்க இரண்டு விரலி போட்டு வை. முகத்துக்குப் பூசுவது உன் இஷ்டம், ஆனால் பாக்கெட் பொடியைப் பூசாதே. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. ஆலை வேறு ஒவ்வொரு பாக்கெட்டோடும் மஞ்சளின் நன்மைகள் என்று ஒரு துண்டுக் காகிதம் வைத்தது. வீக்கத்தைக் குறைக்கும், கிருமியைத் தடுக்கும், ரத்தத்தைச் சுத்தமாக்கும் என்று அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வந்தும் சந்தேகம் கேட்பார்கள்.

எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றையே. "உங்களுக்கென்ன மஞ்சக்கா, மஞ்சள்லயே ஊறினவங்க. உங்ககிட்ட எந்த நோய் வரும்?"

அவளும் அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. மறுக்கத் தெம்பில்லை.

சிமெண்டுத் தரையில் எட்டு மணி நேரம் நின்று நின்று அவள் முட்டிகள் தேய்ந்துபோயிருந்தன. மழைக்காலத்துக்கு மூன்று மாதம் முன்பு படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் அந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். கணவனுக்கு அக்கா. அடுத்த சந்தில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வரத் தெரியாதவள்.

"என் முட்டிக்கு இதுதான் கேட்டுச்சு. மருந்துக்கடைக்காரரே எடுத்துக் குடுத்தாரு. இங்கிலீஷ் மருந்தெல்லாம் இல்ல, மஞ்சள்தான். சத்தை மட்டும் எடுத்து அடைச்சிருக்கான்."

"மஞ்சளா? அண்ணி, நான் தினம் சுவாசிக்கறதே அதைத்தான்."

"சுவாசிச்சா முட்டிக்குப் போகுமா? முழுங்கணும்."

கணவன் பஞ்சர் ஒட்டும் ரப்பரை உரசிக்கொண்டே சொன்னான், "மீனுக்குத் தண்ணி விக்கற மாதிரி இருக்கு."

"நீ உன் டயரைப் பாரு" என்றாள் அக்கா.

முதல் வாரம் தினம் ஒரு மாத்திரை. முட்டி கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. நாத்தனாருக்குச் சந்தோஷம். "ஒண்ணுக்கே இவ்வளவு கேக்குதுன்னா பாரு" என்று காலை ஒன்று, மாலை ஒன்று ஆக்கினாள். இரண்டாவது மாதம் மதியத்துக்கும் ஒன்று சேர்ந்துகொண்டது. மற்றவர்களுக்குக் கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்று அளந்து சொல்கிறவள், தனக்கென்று வரும்போது அளவைப் பற்றி யோசிக்கவில்லை. தினமும் மூட்டைக்குள் கைவிட்டு அளைகிற பொருளுக்கு என்ன அளவு.

மூன்றாவது மாதம் அவளுக்கு அலுப்பு வந்தது. அலுப்பு அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு மாதிரி. காலையில் எழுந்திருக்கும்போதே வேலை முடிந்து வந்த மாதிரி இருந்தது. சோற்றுத் தட்டைப் பார்த்தாலே குமட்டியது. உடம்பெல்லாம் அரித்தது. தூசு என்று நினைத்தாள். சிறுநீர் கடுந்தேநீர் மாதிரி போனது. மஞ்சள் சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று நினைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது.

ஆலையில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் உடல் பரிசோதனையும் அப்போதுதான் வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த டாக்டர் முன்னால் நூற்று இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். நகத்தைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"எந்தப் பிரிவு?"

"மஞ்சள் சார்."

"ஓ" என்று புருவத்தை இறக்கிக்கொண்டார். "ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"அசதியா இருக்கு சார்."

"யாருக்குத்தான் இல்ல. எனக்கும் இருக்கு. இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக்குங்க. அடுத்தவங்க வாங்க."

வேலைக்குத் தகுதி என்று முத்திரை விழுந்தது. இரும்பு மாத்திரையை அவள் வாங்கவில்லை. மஞ்சளே போதும் என்று நாத்தனார் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் ஒரு தப்புச் செய்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தப்பு. வெளிறிப்போன சரக்கு ஒன்றை நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு மூட்டை அரவைக்குள் போனபிறகுதான் தெரிந்தது. மேற்பார்வையாளர் அவளைவிட வயதில் சின்னவர். கோபப்படத் தெரியாமல் தட்டை அவள் முன் வைத்துவிட்டு நின்றார்.

"அக்கா, நானே சொல்லிடுவேன் இது வெளிறினதுன்னு. நீங்க எப்படி?"

அவளுக்குத் தெரியும் எப்படியென்று. உலர்ந்த பொடியைப் பார்த்தாள். தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்க்கக் கையைத் தூக்க முடியவில்லை. பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். கை வரவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

"கண்ணு மங்குது போல சார்" என்றாள்.

"அப்ப கண்ணாடி போடுங்க. இன்னைக்கு மதியத்தோட போயிட்டு வாங்க. மேல சொல்லாம நான் பாத்துக்கறேன்."

அரைநாள் உட்காரலாமே என்றுதான் போனாள்.

கண்ணாடிக் கடையின் பின்பக்கம் திரை போட்ட சின்ன அறை. கண் பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு அவளை ஒரு இயந்திரத்தின் முன் உட்காரவைத்தாள்.

"தாடையை இதுல வைங்க. நெத்தியை ஒட்டுங்க. அசையாதீங்க."

அந்த இருட்டில் அவள் கைகள் தெரியவில்லை, முகம் தெரியவில்லை, புடவை தெரியவில்லை. இயந்திரத்தின் அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரிந்தது வெள்ளை வெளிச்சத்தில் ஒரு கண் மட்டும். எந்தப் பிரிவு என்று அவள் கேட்கவில்லை.

வெளிச்சம் நகர்ந்தது. நின்றது. மற்றக் கண்ணுக்குப் போனது. திரும்ப முதல் கண்ணுக்கு வந்தது.

"மேல பாருங்க" என்று கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "அக்கா, எத்தனை நாளா கண்ணு இப்படி இருக்கு?"

"எப்படி?"

"மஞ்சளா."

"நான் மஞ்சள் மில்லுல வேலை பாக்கறேன்மா. எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கும்."

"தோல்ல ஒட்டும் அக்கா. முழியில எப்படி ஒட்டும்? தூசு கண்ணுக்குள்ள போனா செவக்கும், தண்ணியா ஊத்தும். இது உள்ளேருந்து வந்திருக்கு." விளக்கைப் போட்டாள். போட்டபிறகுதான் அந்தப் பெண் எதிரே இருந்தவளை முழுசாகக் கவனித்தாள். ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. மறுபடி கண்ணைப் பார்த்தாள். "சாப்பாடு இறங்குதா?"

"இல்ல."

"அரிப்பு?"

"இருக்கு."

"கண்ணாடி இன்னைக்கு விக்க மாட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் பாக்கச் சொல்லுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

அன்று மாலை பொது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பார்த்த உடனே படுக்கை கொடுத்துவிட்டார்கள். காமாலை அளவு ஒன்றுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று இருந்தது. கணவன் கிரீஸ் கையோடு ஓடிவந்தவன், கட்டில் கம்பியைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"நான் தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றான்.

வார்டு டாக்டரம்மா நிதானமான ஆள். கேள்விகளைக் காகிதத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"குடி உண்டா?"

"இல்லைங்க."

"வலி மாத்திரை, தூக்க மாத்திரை?"

"இல்லைங்க."

"நாட்டு மருந்து, லேகியம், கஷாயம்?"

"மருந்து எதுவும் சாப்பிடறது இல்லைங்க டாக்டரம்மா."

அவள் மறைக்கவில்லை. மனதாரச் சொன்னாள். மஞ்சள் மருந்தில்லையே. உப்பு சாப்பிடுகிறாயா என்று கேட்டால் அதை மருந்துக் கணக்கிலா சொல்வார்கள்?

மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பதினாலு. கிருமிக் காமாலை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. பித்தப்பையில் கல் இல்லை. டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கணவனிடம் பேசினார், அவளுக்கும் கேட்கும்படி.

"காரணம் பிடிபட மாட்டேங்குது. இப்படியே ஏறிட்டுப் போச்சுன்னா புத்தி தடுமாற ஆரம்பிக்கும். அதுக்குள்ள ஈரல் மாத்தற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரும். வீட்ல யோசிச்சுப் பாருங்க, வேற ஏதாவது சாப்பிட்டாங்களான்னு."

கணவன் யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை.

நாத்தனார் காலையும் மாலையும் வந்தாள். ஃபிளாஸ்க், துண்டு, சீப்பு எல்லாம் கொண்டுவந்தாள். கூடவே அந்த டப்பாவையும் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். "படுத்தே கெடந்தா முட்டி இறுகிடும். இதை மட்டும் விட்டுடாதே." அவளும் விடவில்லை. சாப்பாடு இறங்காவிட்டாலும் அது தண்ணீரோடு இறங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் பதினாறு. அன்று காலை நர்ஸ் போனபிறகு அவள் மாத்திரையை எடுத்தாள். விரல்களில் பிடி இல்லை. மாத்திரை நழுவி, டம்ளர் வைத்திருந்த ஈரத் தட்டில் விழுந்தது. கூடு இளகி, எடுக்கப்போனபோது வாய் பிளந்துகொண்டது. உள்ளே இருந்தது தண்ணீரில் பட்டதும் தட்டின் பாதி ஆரஞ்சானது.

வெள்ளைத் தட்டு, ஈரம், பொடி. அவள் நடுவிரல் தானாகப் போய்த் தேய்த்தது.

நறநறப்பு இல்லை. நார் இல்லை. முகர்ந்தாள், மண் வாசனை இல்லை, மஞ்சள் வாசனையே இல்லை. வெறும் நிறம். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு நிறத்தை எந்த மூட்டையிலும் அவள் பார்த்ததில்லை. மூன்று இருந்தாலே நல்ல சரக்கு. ஐந்து இருந்தால் ஆலை முதலாளியே வந்து பார்ப்பார். இது என்ன?

"அந்த டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றாள் கணவனிடம்.

அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தான். ஒரு மாத்திரையில் மஞ்சள் சத்து ஐந்நூறு மில்லிகிராம். அதில் சாயச்சத்து தொண்ணூற்றைந்து சதவீதம். உடம்பில் சீக்கிரம் சேர மிளகுச் சத்து சேர்த்தது. நாளைக்கு ஒன்று.

தொண்ணூற்றைந்து. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புத்தி இன்னும் தடுமாறவில்லை, கணக்கு வந்தது. நூற்றுக்கு மூன்று இருக்கிற பொடியில் இவ்வளவு சத்து எடுக்கப் பதினாறு கிராம் வேண்டும். மூன்று மாத்திரைக்கு நாற்பத்தெட்டு. ஆலையில் பாக்கெட் ஒட்டும் மேசையில் வரிசையாகப் போகிற ஐம்பது கிராம் பாக்கெட்டில் ஒன்று. தினம் ஒரு பாக்கெட், மிளகோடு. பக்கத்து வீட்டுக்காரி யாராவது வந்து, மஞ்சக்கா, தினம் ஒரு பாக்கெட் மஞ்சளை முழுங்கட்டுமா என்று கேட்டிருந்தால் அடிக்காத குறையாகத் துரத்தியிருப்பாள்.

டாக்டரம்மா வரும்போது நாத்தனாரும் அங்கே ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தாள். அவள் போனபிறகு சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இந்த ஐந்து நாளில் வார்டில் அவளுக்குத் தலை வாரிவிட்டது நாத்தனார்தான். கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போனதும் அவள்தான். ஆனால் ஒளித்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சாப்பிடறேன். மருந்துன்னு நினைக்கல, அதான் சொல்லல."

டப்பாவை நீட்டினாள். டாக்டரம்மா அதை ஒரு முறை படித்தார். திருப்பி மறுபக்கம் படித்தார்.

"எத்தனை?"

"மூணு. ரெண்டு மாசமா. இங்க வந்தும்தான்."

"இங்கயுமா?" டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சமையல்ல போடற மஞ்சள் ஒண்ணும் செய்யாது. இப்படிப் பிழிஞ்செடுத்த சத்தைச் சில பேரோட ஈரல் தாங்காது. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. இதுதான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். நிறுத்திட்டுப் பாக்கணும். இறங்கினா தப்பிச்சீங்க. இறங்கலைன்னா அனுப்பிடுவேன்." டப்பாவைத் தன் அங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாத்தனார் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடி ஏற்கெனவே இறுகியிருந்தது.

"நான்தான் மூணு போடச் சொன்னேன்" என்றாள்.

"முழுங்கினது நான் அண்ணி."

"மஞ்சள்தானேன்னு..."

"எனக்கே தெரியலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கணவன் இரண்டு பேரையும் பார்த்தான். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கணவன் கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பாட்டைப் பிசைந்து, பாதியைக் கொட்டிவிட்டுப் போனான். ஆறாம் நாளும் பதினாறு. ஏழாம் நாள் பதினாறுக்குக் கொஞ்சம் மேல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். மஞ்சக்காவுக்குப் பயம்கூட முழுசாக வரவில்லை. பயப்படவும் விழித்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் விடிந்ததும் ரத்தம் எடுத்தார்கள். மதியம் நாத்தனார் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. ஃபிளாஸ்க் இல்லை, பை இல்லை, ஒரு வாழைப்பழம்கூட இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெறும் கைகளை மடியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் எடுத்தாங்களா?"

"ம்."

"முடிவு எப்ப வரும்?"

"வரும்போது வரும் அண்ணி."

"நான் இருக்கேன்."

வார்டில் மின்விசிறி ஒன்று சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. மூன்று மணி தாண்டி நர்ஸ் சீட்டோடு வந்து கட்டில் அட்டையில் எழுதினார்.

"எவ்வளவு?" என்று நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"பதிமூணரை."

"முந்தா நாள் எவ்வளவு?"

"பதினாறு. இறங்க ஆரம்பிச்சிருக்கு. முழுசா இறங்க ரெண்டு மூணு மாசம் ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதின கடிதத்தைக் கிழிச்சுட்டாங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பதிமூணரை" என்றார் நர்ஸ், கொஞ்சம் சத்தமாக.

நாத்தனார் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். மஞ்சக்கா அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பிச் சொல்லலாம் என்று கையை நீட்டியவள், வேண்டாம் என்று முக்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.